விறைப்பு இறங்கும் நேரம்: வாக்குக்கண் சத்திரசிகிச்சைக்குப் பின் பிள்ளையின் நோவுக்கு எந்த வழி?

வாக்குக்கண்ணை (மாறுகண்ணை)த் திருத்தும் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்த கிளினிக் கொப்பியைக் கையில் வாங்கும் பெற்றோர், கண் நேராகுமா என்றும் மயக்க மருந்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமா என்றும் கட்டாயம் கேட்பார்கள். எல்லாம் முடிந்தபின் பிள்ளைக்கு எவ்வளவு நோகும், அதற்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வி மட்டும், பிள்ளையைத் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு வெளியே வாங்கில் இருக்கும்போதுதான் அவர்களுக்கு நினைவு வரும். அந்த நேரத்தில் கேட்டுப் பயன் குறைவு. ஏனெனில் இந்த நோவுக்கான வழிகளில் வலிமையானவை எல்லாம் பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போதே செய்யப்படுபவை. கண் விடுதியில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சத்திரசிகிச்சைக்கு முந்திய கிளினிக் நாளிலேயே அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உதவட்டும் என்று, நோகும் இடத்தை மட்டும் உணர்ச்சியற்றதாக்கும் விறைப்பு மருந்தின் வெவ்வேறு வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பட்டினத்துக்குள் இருப்பவர்களுக்கு வைத்தியசாலை கைக்கெட்டும் தூரம். புல்மோட்டைக்கோ வெருகலுக்கோ திரும்புபவர்களுக்கு அது ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பஸ் பயணம். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ 250 கிலோமீற்றருக்கு மேல். ஒருமுறை, முந்திய நாள் வீட்டுக்குப் போன ஒரு பிள்ளையை மறுநாட் காலை மீண்டும் தூக்கிக்கொண்டு வந்த தாய் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “பஸ்ஸில ஏறேக்க நல்லாத்தான் இருந்தவள் மிஸ். நிலாவெளி தாண்டினதும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கீற்றாள், பிறகு சத்தி.” பிள்ளைக்குப் போட்ட விறைப்பில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. அது எப்போது இறங்கும் என்று தாய்க்கு எவரும் சொல்லவில்லை. இறங்கும்போது கொடுப்பதற்கு அவருடைய பையில் எதுவும் இருக்கவுமில்லை. ஆகவே எந்த மருந்து அதிகம் விறைக்கச் செய்யும் என்பதோடு, அது இறங்கும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்தே நான் ஒப்பிடுவேன்.

முதலில் இந்த நோவு எத்தகையது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் அசைப்பதற்கு ஆறு தசைகள் இருக்கின்றன. வாக்குக்கண் சத்திரசிகிச்சையில் கண் உருண்டையை உள்ளே திறப்பதில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய தோலைச் சிறிதாக வெட்டி, உரிய தசையை எடுத்துப் பின்னுக்குத் தள்ளியோ குறுக்கியோ மறுபடி தைக்கிறார்கள். எனவே பிள்ளைக்கு வரும் நோவு இரண்டு வகையானது. ஒன்று, தைத்த இடத்தின் எரிவும் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும். மற்றது, கண்ணை அசைக்கும்போது தசை இழுபடும் ஆழமான நோவு. இரண்டும் முதல் நாளில் அதிகமாக இருந்து, இரண்டாம் மூன்றாம் நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். கண் சிவந்திருப்பது சில கிழமைகள் நீடிக்கும், ஆனால் சிவப்பு வேறு, நோவு வேறு. இவற்றுடன் சத்தியையும் சேர்க்க வேண்டும்: பிள்ளைகளுக்குச் செய்யும் சத்திரசிகிச்சைகளில், தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் அதிகம் சத்தி எடுக்க வைப்பவற்றுள் இதுவும் ஒன்று. இதனால்தான் மோர்பின் போன்ற வலிய மருந்துகளை இங்கே தாராளமாகக் கையாள்வதில்லை. அவை நோவை அடக்கினாலும் சத்தியைக் கூட்டும். கோடீன் என்ற மருந்தை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் அறிவித்துவிட்டது; சில பிள்ளைகளின் உடல் அதை மிக வேகமாக மோர்பினாக மாற்றுவதால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. விறைப்பு மருந்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விறைப்பு மருந்தின் வரலாறே கண்ணில்தான் தொடங்கியது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, வலியில்லாமல் கண்ணைத் தொடலாம் என்று காட்டினார். இன்று கொக்கெயினின் இடத்தில் புரொக்ஸிமெற்றக்கெயின், ரெற்றாக்கெயின் போன்ற சொட்டு மருந்துகள் இருக்கின்றன. இவை அரை நிமிடத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும்; ஊசி இல்லை, கண் வீங்குவதில்லை, பார்வையோ கண்ணசைவோ மறைவதில்லை. சத்திரசிகிச்சையின் தொடக்கத்திலும் முடிவிலும் விட்டால் பிள்ளை கண்விழிக்கும் முதற் கணங்களின் எரிவு தணியும். ஆனால் இதன் ஆயுள் பதினைந்து இருபது நிமிடங்கள் மட்டுமே. அதுவும் மேற்புறத்துக்கு மட்டும். தசை இழுபடும் நோவுக்கு இது எட்டாது. மீட்பு அறையிலிருந்து விடுதிக்கு வரும் முன்பே இதன் வேலை முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

“அந்தச் சொட்டு மருந்தில கொஞ்சம் வீட்டுக்குத் தந்துவிடுங்கோ மிஸ்” என்று கேட்காத தாய்மார் குறைவு. கேட்பது நியாயம்தான், ஒரு சொட்டில் அழுகை நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனாலும் இது ஒருபோதும் வீட்டுக்குப் போகக்கூடாத மருந்து. திரும்பத் திரும்ப விட்டால் கருமணிக்கு முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலத்தின் மேற்தோலை அது அரித்துப் புண்ணாக்கும். புண் ஆறுவதையும் தடுக்கும். விறைத்த கண்ணைப் பிள்ளை கசக்கினாலும் கீறினாலும் அதற்கே தெரியாது. கண்ணைக் காப்பது கண்ணின் உணர்ச்சிதான், அதை நாட்கணக்கில் அணைத்து வைத்திருக்க முடியாது. வீட்டுக்குத் தரப்படும் சிறு போத்தலில் இருப்பது கிருமி எதிர்ப்பு மருந்தும் ஸ்டீரொயிட்டும். அதை விட்டதும் நோவு நிற்கவில்லையே என்று அடிக்கடி விடுவதும் தவறு. நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வீட்டில் மூத்தவர்கள் சொன்னாலும், தைத்த கண்ணுக்குள் அவை போகக்கூடாது.

சொட்டுக்கு அடுத்தது லிக்னொகெயின் ஜெல். பசை போல் ஒட்டி நிற்பதால் சொட்டைவிடச் சற்று நேரம் கூடுதலாக விறைக்கும். கண்ணைச் சுத்தம் செய்யும் அயடீன் கரைசலுக்கு முன்னரே ஜெல்லைப் பூசிவிட்டால், ஜெல்லின் அடியில் கிருமி தப்பிக்கொள்ளும். அயடீன் முதலில், ஜெல் பிறகு என்பதுதான் ஒழுங்கு. இதற்கு மேல் ஜெல்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெட்டிய தோலின் கீழே சிறிதளவு மருந்தை ஊசியால் செலுத்துவதும் இவ்வாறே இடைநடுவான வழி: மேற்புற எரிவுக்கு நல்லது, ஆழமான நோவுக்கு அரைகுறை.

உண்மையான போட்டி சொட்டுக்கும் டெனோன் உறைக்குக் கீழே கொடுக்கும் விறைப்புக்கும் இடையில்தான். கண் உருண்டையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு வைத்தியர் டெனோன் 1806இல் அதை விவரித்ததால் அவருடைய பெயரால் வழங்குகிறது. அந்த உறைக்கும் கண் உருண்டைக்கும் இடையிலுள்ள வெளியில் மொட்டை முனையுள்ள, வளைந்த மெல்லிய குழாயால் லிக்னொகெயினையோ புப்பிவக்கெயினையோ செலுத்தினால், மருந்து கண்ணைச் சுற்றிப் பரவிப் பின்னாலுள்ள நரம்புகளையும் தசைகளையும் விறைக்க வைக்கும். வாக்குக்கண் சத்திரசிகிச்சையில் அந்த உறை ஏற்கெனவே திறந்திருப்பதால், தையலை முடிக்குமுன் அதே வாயிலால், வைத்தியர் நேரில் பார்த்தபடியே மருந்தைக் கொடுத்துவிடலாம்; புதிதாக ஒரு குத்துத் தேவையில்லை. லிக்னொகெயின் ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்கும். புப்பிவக்கெயின் பல மணித்தியாலம் நிற்கும். மேற்புற எரிவு, ஆழமான நோவு இரண்டையும் இது அடக்குகிறது. பல ஆய்வுகளில் சத்தியும் மயக்கம் தெளியும்போது பிள்ளை துள்ளிப் புரள்வதும் குறைந்திருக்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே மருந்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கொடுப்பதா, முடிவில் கொடுப்பதா என்பதில் வைத்தியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கண் தசையைப் பிடித்து இழுக்கும்போது பிள்ளையின் இதயத் துடிப்பு திடீரெனத் தளரும். 1908இல் ஆஷ்னர், டக்னினி என்ற இருவர் தனித்தனியே விவரித்த அனிச்சைச் செயல் இது. முகத்தின் உணர்ச்சி நரம்பு வழியே மூளைக்குச் சென்ற செய்தி வேகஸ் நரம்பு வழியே இதயத்துக்குத் திரும்புவதால் நிகழ்கிறது. தசையை விட்டவுடன் பெரும்பாலும் துடிப்பு மீளும், மீளாவிட்டால் துடிப்பைக் கூட்டும் அத்ரோபின் இருக்கிறது. விறைப்பை முன்பே கொடுத்தால் இந்த அனிச்சை வெகுவாகக் குறையும்; மயக்க மருந்து நிபுணருக்கு நிம்மதி. ஆனால் உறைக்குள் புகுந்த மருந்து திசுக்களை வீங்க வைப்பதும், தசைகளைத் தளர்த்தி அவற்றின் இயல்பான இழுவையை மறைப்பதும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இடைஞ்சல். நோவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் முடிவில் கொடுப்பதையே நான் விரும்புவேன். அப்போது மருந்தின் நேரம் தியேட்டருக்குள் வீணாகாமல் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் மிஞ்சும்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. விறைத்த கண்ணின் இமை தொங்கும், கருமணியின் துவாரம் விரிந்திருக்கும், பார்வை சில மணித்தியாலம் மங்கலாகவோ இரட்டையாகவோ இருக்கும். அறியாத தாய் கண் பறிபோய்விட்டதென்று நினைப்பார். ஒரு கண் மட்டுமென்றால் மறு கண்ணால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துத் தேறிக்கொள்ளும். ஆனால் வாக்குக்கண் சத்திரசிகிச்சை அடிக்கடி இரு கண்ணிலும் செய்யப்படுகிறது. இரு கண்ணையும் முற்றாக விறைக்க வைத்தால் நோவில்லாத பிள்ளை இருட்டில் பயந்து அழும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நோவும் பயமும் ஒரே அழுகைதான். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளியாகப் பத்துக்கு நோவை அளக்கும் முறை விடுதிகளில் இருக்கிறது. தாயின் மடியில் வைத்தபின் மறுபடி அளந்து பார்த்தால் எது நோவு, எது பயம் என்று ஓரளவு பிரித்தறியலாம்.

அளவும் இரு கண்ணில்தான் நெருக்கடியாகும். புப்பிவக்கெயினைப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுப்பது வழக்கம். 0.5 வீதக் கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் இருக்கிறது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 30 மில்லிகிராம், அதாவது 6 மில்லிலீற்றர். கண்ணுக்கு 2 மில்லிலீற்றர் வீதம் இரு கண்ணுக்கும் கொடுத்தாலும் இடம் மிஞ்சும். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ எல்லை 16 மில்லிகிராம், சரியாக 3.2 மில்லிலீற்றர், அதே அளவு கொடுத்தால் எல்லை கடந்துவிடும். கரைசலை 0.25 வீதமாக்கினால் தீரும். எல்லை மீறினால் வலிப்பும் இதயத் தாளக் கோளாறும் வரக்கூடும். இந்தக் கணக்கு வைத்தியருடையது. ஆனால் கிளினிக்கில் பிள்ளையின் எடையைச் சப்பாத்துடனும் அவசரத்துடனும் நிறுக்காமல், சரியாக நிறுத்து எழுதச் சொல்லிக் கேட்பது பெற்றோருடையது.

கண்ணுக்குப் பின்னாலோ சுற்றியோ கூரிய ஊசியால் கொடுக்கும் பழைய முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் கண் சத்திரசிகிச்சையில் அது நீண்ட காலம் கோலோச்சியது. பிள்ளையின் கண் குழிக்குள் கண் உருண்டை பெரியவர்களுக்கு உள்ளதைவிட அதிக இடத்தைப் பிடித்திருப்பதால் ஊசி உருண்டையைக் குத்தும் அபாயம் அதிகம்; பின்னால் இரத்தம் கசியலாம்; மருந்து மூளைத்தண்டு வரை போய் மூச்சை நிறுத்தலாம். புப்பிவக்கெயின் நேராகத் தசைக்குள் புகுந்தால் தசை நாரே சிதையும். அந்தச் சிதைவை வைத்துத்தான் அமெரிக்கக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் அதே மருந்தை வாக்குக்கண் சிகிச்சையாகவே தசைக்குள் ஏற்றிப் பார்த்தார். சிகிச்சைக்கு உதவுவது விபத்தாக நேர்ந்தால் நேரான கண்ணும் கோணும். மொட்டைக் குழாய் முறை கைவசம் இருக்கும்போது, நோவு தணிக்க மட்டும் பிள்ளைக்குக் கூரிய ஊசியைத் தேர்வதற்கு நான் காரணம் காணவில்லை.

எந்த விறைப்பும் இல்லாமல் வாயால் கொடுக்கும் மருந்துகளை மட்டுமே நம்புவதும் ஒரு வழிதான். பரசிற்றமோலும் இபுபுரொபெனும் நேரந்தவறாமல் கொடுக்கப்பட்டால், ஒரு தசை மட்டும் திருத்தப்பட்ட பல பிள்ளைகளுக்கு அவையே போதும். நேரந்தவறாமல் என்பதுதான் கடினம். பிள்ளை அழுத பிறகு கொடுத்த மருந்து வேலை செய்ய அரை மணித்தியாலத்துக்கு மேலாகும், அதற்குள் அழுது சத்தி எடுத்தால் மருந்தும் வெளியே வந்துவிடும். பரசிற்றமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. 16 கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 10 மில்லிலீற்றர். கடைகளில் 250 மில்லிகிராம் பாணியும் இருப்பதால் போத்தலின் முகப்பை வாசிக்காமல் ஊற்றக்கூடாது; தேநீர்க் கரண்டி அளவுகோலாகாது, மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இபுபுரொபெனில் எங்கள் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்பதை இங்கே எவரும் மறக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் இபுபுரொபெனும் டைக்ளோபெனக்கும் இரத்தக்கசிவைத் தூண்டும். ஆகவே நோவுக்காக இபுபுரொபென் கொடுத்து வரும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதை உடனே நிறுத்தி, பரசிற்றமோலோடு நின்று, வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்கு மலவாசலில் வைக்கும் டைக்ளோபெனக் குளிகையையும் எடுக்கக்கூடாது. சத்திரசிகிச்சை மாரி மழைக் காலத்தில் வந்தால் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். இளைப்பு நோயுள்ள (ஆஸ்துமா) பிள்ளை என்றால் இபுபுரொபென் பற்றி முன்பே கேளுங்கள்.

என் தெரிவு இப்படி அமையும். ஒரு கண்ணில் ஒரு தசை, வீடு உப்புவெளியிலோ பட்டினத்திலோ, பிள்ளைக்கு ஏழெட்டு வயது என்றால் சொட்டு மருந்தும், சத்திக்கு ஒண்டான்செற்றனும் டெக்ஸாமெதசோனும், நேரத்துக்குப் பரசிற்றமோலும் போதும். ஒரு கண்ணில் இரண்டு தசைகள், அல்லது முன்பு ஒருமுறை திருத்தப்பட்ட கண், அல்லது மூதூருக்கு அப்பால் வீடு என்றால் டெனோன் உறைக்குள் புப்பிவக்கெயினை முடிவில் கொடுக்க முடியுமா என்று கேட்பேன். இரு கண்ணும் என்றால், நீர்த்த கரைசல் எடுபடுமா என்று கேட்பேன். பிள்ளை விழிக்கும்போது தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்க விடுவார்களா என்றும் கேட்பேன், ஏனெனில் அதுவும் மருந்தளவுக்கு வேலை செய்யும். தையலைப் பின்னர் சரிசெய்யும் முறையில் திருத்தப்படும் பதின்வயதுப் பிள்ளைக்கு, கண்ணசைவு அன்றே தெரிய வேண்டியிருப்பதால் நீண்ட விறைப்புப் பொருந்தாது. அங்கே சொட்டு மருந்துக்குத்தான் முதலிடம். கையில் கனுலா (நரம்பில் மருந்து செலுத்தும் சிறு குழாய்) ஏற்றுமுன் பூசும் விறைப்புக் களிம்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் முன்னதாகப் பூச வேண்டும். பிள்ளைகள் பல வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவது கண்ணை விட அந்தக் குத்தைத்தான்.

விறைப்பு எது, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதினொன்றரைக்குப் புப்பிவக்கெயின் என்றால், பின்னேரம் மூன்று மணிக்கு, பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் பரசிற்றமோலைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள். அடுத்தது ஒன்பது மணிக்கு. மருந்து கொடுத்துச் சிறிது நேரத்துக்குள் சத்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்பதையும் வெளியேறும்போதே கேட்டு வையுங்கள். பையில் பொலித்தீன் உறைகள், ஒரு தொப்பி, ஒரு போத்தல் ஜீவனி. மூன்றாம் நாளுக்குப் பின்னும் நோவு குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, இமை வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கண் திடீரென ஒரு பக்கம் திரும்பி நின்றாலோ பாணியைக் கூட்டிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், முதல் பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.